மூன்றாம் வகுப்பும் ஆசிரியப் பணியும்

பட்டத் தேர்வில் மூன்றாம் வகுப்பே கிடைத்ததால், ஆசிரியை ஆகும் ஆசையைக் கைவிட்ட தமக்கையர் நம் இல்லங்களில் உண்டு. அவர்களுக்கு வழியே இல்லையா? விதியைப் பார்ப்போம்.

பி.எட். வகுப்பில் சேர, இளங்கலையிலோ முதுகலையிலோ 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த விதி. ஆகவே, இளங்கலையில் 46 விழுக்காடு பெற்றவரும், ஈராண்டு உழைத்து முதுகலையில் 50 பெற்றால் விண்ணப்பிக்கலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மாநில அரசின் விதிப்படி மதிப்பெண் தளர்வும் உண்டு.

ஆயினும் 50 என்பது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. அரசுக் கல்லூரி இடங்கள் தரவரிசைப்படி நிரப்பப்படுவதால், அதற்கு மேலும் பெற முயல வேண்டும்.

மாணவியரே, "படித்தது போதும்" என்று வீட்டார் முடிவு செய்யுமுன், இவ்விதியைத் தமக்கையருக்குப் படித்துக் காட்டுவோம்.