டெஸ்டோஸ்டிரோன் ஜெல்: பூசும் முறையும் குடும்பத்தார் பாதுகாப்பும்

மருந்தின் நன்மையும் தீமையும் அதனை உட்கொள்பவர் ஒருவரையே சாரும் என்பது நம்மில் பலர் கொண்டுள்ள எண்ணம். தோலின்மேல் பூசப்படும் மருந்துகளுள் சில இதற்கு விலக்கானவை. அவற்றுள் ஒன்று டெஸ்டோஸ்டிரோன் ஜெல். இதனைப் பூசிக்கொள்பவர் ஆடவர். இதனால் தீங்கு நேராவண்ணம் காக்கப்பட வேண்டியவர்களோ அவருடைய மனைவியும் மக்களும் பேரக் குழந்தைகளும் ஆவர். ஆதலின் இம்மருந்து பற்றிக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

டெஸ்டோஸ்டிரோன் என்பது யாது?

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலால் ஆடவரின் விரைகளில் சுரக்கும் ஹார்மோனே டெஸ்டோஸ்டிரோன். குரல் தடித்தல், மீசை தாடி வளர்தல், தசையும் எலும்பும் உறுதி பெறுதல், இரத்தச் சிவப்பணுக்கள் உண்டாதல், மக்கட்பேற்றுக்குரிய விந்தணு உண்டாதல் ஆகியவற்றுக்கு இது இன்றியமையாதது.

1935ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் எர்ன்ஸ்ட் லாக்கர் என்பாரின் குழுவினர் இதனைக் காளைகளின் விரைகளிலிருந்து பிரித்தெடுத்தனர். அவ்வாண்டிலேயே புட்டெனான்ட், ருஷிச்கா என்னும் இரு அறிஞர்கள் ஆய்வுக்கூடத்தில் இதனை உருவாக்கும் வழியைக் கண்டனர். இந்நாளில் இது பெரும்பாலும் சோயா முதலிய தாவரப் பொருள்களிலிருந்தே ஆக்கப்படுகிறது. ஜெல்லில் சேரும் ஏனைய பொருள்கள் எதிலிருந்து பெறப்பட்டவை என அறிய விரும்புவோர், தயாரிக்கும் நிறுவனத்தாரிடம் கேட்டுத் தெளியலாம்.

யாருக்கு இம்மருந்து வேண்டும்?

சோர்வுற்ற ஆடவர் அனைவருக்கும் உரிய மருந்தன்று இது. இல்லற விருப்பம் குன்றுதல், தசை மெலிதல், உடல் உரோமம் உதிர்தல், எலும்பு நலிதல் முதலிய அறிகுறிகள் இருத்தல் வேண்டும். அவற்றுடன், காலை வேளையில் வெவ்வேறு இரு நாள்களில் செய்த இரத்தப் பரிசோதனையிலும் குறைவு உறுதிப்படல் வேண்டும். ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் குறைவாயின் அதனைக் குறைவு எனக் கொள்ளலாம் என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தாரின் வரையறை. உடற்பருமன், நீரிழிவு, உறக்கக் கேடு ஆகியவையும் இவ்வளவைக் குறைக்கும். அவற்றைச் சீர்செய்தல் முதற்கடமை.

மகப்பேறு வேண்டுவோர் இதனைப் பயன்படுத்தலாகாது. வெளியிலிருந்து ஹார்மோன் வருங்கால் பிட்யூட்டரி தன் தூண்டுதலை நிறுத்திவிடும். அதனால் விந்தணு ஆக்கம் தடைப்படும். புரோஸ்டேட் புற்றுநோயோ மார்பகப் புற்றுநோயோ உடைய ஆடவருக்கும் இம்மருந்து விலக்கப்பட்டுள்ளது.

தோலில் தங்கும் மருந்து

1 விழுக்காட்டு ஜெல் 5 கிராம் பூசினால் அதில் 50 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் இருக்கும். அதில் ஒரு நாளில் உடலுக்குள் சேர்வது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. எஞ்சியதில் பெரும்பகுதி தோலின்மேல் தங்கியிருக்கும். ஜெல் உலர்ந்தபின் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. எனினும் அவ்விடத்தில் பிறர் தோல் உராயுமாயின் மருந்து அவர்பால் சென்று சேரும்.

இதன் விளைவு அச்சம் தரத்தக்கது. ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் எண்மர் இவ்வாறு பாதிக்கப்பட்ட செய்தி கிடைத்தபின், 2009ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மருந்துச் சீட்டில் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிட ஆணையிட்டது. அக்குழந்தைகளிடம் பிறப்புறுப்பு பெருத்தல், அவ்விடத்தில் உரோமம் தோன்றல், எலும்பு வயதை மீறி முதிர்தல், மூர்க்க குணம் ஆகியவை காணப்பட்டன. தொடர்பு நீங்கியபின் பெரும்பாலான குறிகள் மறைந்தன. எனினும் சிலரிடம் உறுப்பின் பெருக்கமும் எலும்பின் முதிர்ச்சியும் முற்றும் மாறவில்லை. பெண்களுக்கு முகப்பருவும் மிகுதியான உரோமமும் தோன்றலாம். கருவுற்ற பெண்ணாயின் வயிற்றிலுள்ள பெண்சிசுவுக்குத் தீங்கு நேரலாம்.

பூசும் முறை

1. நாள்தோறும் காலையில் குளித்து, உடலை நன்கு துவட்டியபின் பூசுக.

2. தோள்களிலும் மேற்கைகளிலும் பூசுக. சிலவகை ஜெல்லை வயிற்றிலும் பூசலாம். மருத்துவர் குறித்த இடமே இடம். பிறப்புறுப்பிலும் புண்பட்ட தோலிலும் பூசலாகாது.

3. பூசியவுடன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக.

4. ஜெல்லில் எரிசாராயம் மிகுதி. அது உலரும்வரை விளக்கேற்றுதலும் அடுப்பின் அருகே செல்லுதலும் கூடா.

5. உலர்ந்தபின் அவ்விடத்தை ஆடையால் மூடுக. வீட்டில் வேட்டியும் துண்டுமாக இருக்கும் வழக்கமுடையோர் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்க. கையில்லாப் பனியன் தோளையும் மேற்கையையும் மறைக்காது. கை வைத்த சட்டையே வேண்டும்.

6. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்ளும் முன்னும், பிறர் உடலோடு நெருங்கும் முன்னும், பூசிய இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுக. ஆனால் பூசியபின் சில மணி நேரம் கழுவாதிருந்தால்தான் மருந்து உடலில் சேரும். 1.62 விழுக்காட்டு ஜெல்லுக்கு இரண்டு மணி, 1 விழுக்காட்டு ஜெல்லுக்கு ஐந்து மணி என்பது கணக்கு.

7. தாம் உடுத்த சட்டை, துண்டு, படுக்கை விரிப்பு ஆகியவற்றைத் துவைக்காமல் பிறர் பயன்படுத்த விடலாகாது.

தொடர் பரிசோதனை

இம்மருந்து இரத்தத்தைத் தடிக்கச் செய்யலாம். சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் அளவு 54 விழுக்காட்டைக் கடந்தால் மருந்தை நிறுத்தி மருத்துவரைக் காணல் வேண்டும். தொடங்குமுன்னும், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் இச்சோதனை தேவை. மருத்துவர் அறிவுரைப்படி புரோஸ்டேட் சோதனையும் இரத்த அழுத்தச் சோதனையும் செய்துகொள்க.

இதயநோயோ அதற்கான வாய்ப்போ உடைய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடவரிடம் நிகழ்ந்த டிராவர்ஸ் என்னும் ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. ஜெல் பூசியோரிடம் மாரடைப்பும் பக்கவாதமும் மிகவில்லை என அது காட்டியது. ஆயினும் இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையும், நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்தலும் சற்று மிகுந்து காணப்பட்டன. ஆகவே படபடப்பு, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை தோன்றின் காலம் தாழ்த்தலாகாது.

இம்மருந்தை மறைத்துப் பூசுவோர் பலர். அதனை நாணத்திற்குரியதாக அவர்கள் எண்ணுகின்றனர். இது நீரிழிவுக்கு இன்சுலின் கொள்வதைப் போன்றதே. குழந்தையின் உடலில் வயதுக்கு மீறிய மாற்றம் கண்டு தாய் மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் இந்த ஜெல் இருப்பதை அவள் அறிந்திருந்தால் காரணம் உடனே விளங்கும். அறியாவிடில் அக்குழந்தை தேவையற்ற பல பரிசோதனைகளுக்கு உள்ளாகும். அமெரிக்காவில் சில குழந்தைகளுக்கு அவ்வாறே நேர்ந்தது. எனவே இதனைப் பயன்படுத்தும் ஆடவர் முதற்கண் தம் மனைவியிடமும், வீட்டிலுள்ள மகளிடமும் மருமகளிடமும் அச்செய்தியைக் கூறிவிடுதல் வேண்டும்.