யோகா டீச்சர் பயிற்சிக்குக் கிளம்புகிறீர்களா? காபியிலிருந்து தொடங்குங்கள்

நாலு வாரம் ஆசிரமத்தில் தங்கி யோகா ஆசிரியர் பயிற்சி எடுக்கலாம் என்று முடிவு செய்ததும் பலர் வீட்டில் செய்கிற முதல் காரியம், சுவரோரம் தலைகீழாக நின்று பார்ப்பது. நானும் அதைத்தான் செய்தேன். கழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் போனது. திருவனந்தபுரம் பக்கம் நெய்யாறு அணையில் இருக்கும் சிவானந்தா ஆசிரமத்துக்குப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. உடம்பை வளைக்கக் கற்றுக்கொடுக்க அங்கே ஆள் உண்டு. தரையில் உட்காரவும், விடியுமுன் எழவும், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் நாம்தான் பழகிப் போக வேண்டும். சுவாமி விஷ்ணுதேவானந்தா 1969-ல் தொடங்கிய பயிற்சி இது. வேறு இடங்களில் சேர்கிறவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் முக்கால்வாசி உதவும்.

1. ஆசிரமத்தில் காபி கிடையாது. நம் வீட்டுப் பெண்களுக்கு முதல் இடி இதுதான். தினம் மூன்று டம்ளர் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 12 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் மண்டையிடி தொடங்கும். இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் விடாது. பயிற்சியின் முதல் வாரத்தைத் தலையைப் பிடித்துக்கொண்டு கழிக்க வேண்டுமா? மூன்று வாரம் முன்பே ஆரம்பியுங்கள். முதலில் மாலைக் காபியை விடுங்கள். அடுத்து, அரைத்து வாங்கும்போது சிக்கரியைக் கூட்டச் சொல்லுங்கள். 80:20 குடிக்கிறவர் 60:40-க்கு இறங்கலாம். சிக்கரியில் கஃபைன் இல்லை; நிறமும் கசப்பும் இருப்பதால் நாக்கு அவ்வளவாகச் சண்டை போடாது. கடைசி வாரம் இரண்டாம் டிகாக்‌ஷனில் அரை டம்ளர் போதும். காபிக்குப் பதில் டீ என்று மாறினால் கணக்கில் வராது, அதிலும் கஃபைன்தான்.

2. காலை ஆறு மணி சத்சங்கத்தில் அரை மணி நேரத் தியானம், பிறகு பஜனை, அதன் பிறகு சொற்பொழிவு. எல்லாம் தரையில். பகலில் வகுப்புகளும் தரையில், சாப்பாடும் தரையில். டைனிங் டேபிளுக்கும் சோபாவுக்கும் பழகிய முட்டி இதற்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். காய் நறுக்குவது, துணி மடிப்பது, சீரியல் பார்ப்பது எல்லாம் அப்படியே. பழைய போர்வையை நான்காக மடித்து இடுப்புக்கு அடியில் மட்டும் வையுங்கள், கால்களுக்கு அடியில் வேண்டாம். இடுப்பு முட்டியைவிட உயரமாக இருந்தால் முதுகு தானாக நிமிரும். இன்று வலது கால் முன்னால் என்றால் நாளை இடது கால். அந்தப் போர்வையையே பெட்டியில் வைத்துக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னைப் பார்த்து அடுத்த வாரமே நாலு பேர் போர்வை மடித்தார்கள்.

3. சிரசாசனத்தை வீட்டில் தனியாக முயல வேண்டாம். தோளுக்கு வலு ஏற்றினால் போதும்: முழங்கைகளைத் தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, முன்னும் பின்னும் அசைவதை அங்கே 'டால்பின்' என்பார்கள். அதைத் தினம் பத்துப் பத்தாக இரண்டு முறை செய்யுங்கள். ரத்தக்கொதிப்பு, கண்ணில் குளுக்கோமா, கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். மறைத்துவிட்டுச் செய்கிற ஆசனம் அது இல்லை.

4. சாப்பாடு இரண்டே வேளை: காலை 10 மணி, மாலை 6 மணி. நடுவில் மூலிகைத் தேநீர் கிடைக்கும். வெங்காயம், பூண்டு இருக்காது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இந்த நேரங்களை டாக்டரிடம் காட்டி, அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்ட பிறகே முன்பணம் கட்டுங்கள்.

5. எழுகிற நேரம் ஐந்தேகால், ஐந்தரை. படுப்பது பத்தரை ஆகிவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை அலாரத்தைக் கால் மணி முன்னால் தள்ளிக்கொண்டே வந்தால் மூன்று வாரத்தில் பழகிவிடும்.

6. ஆசிரமத்தின் பெயரில் இருக்கும் சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர் பத்தமடை. கோரைப்பாய்க்குப் பெயர் போன அதே ஊர்தான். அதற்காகப் பத்தமடைப் பாயோடு கிளம்பிவிடாதீர்கள். சவாசனத்துக்கும் பிராணாயாமத்துக்கும் அது அருமை, நின்று செய்யும் திரிகோணாசனத்துக்கு வழுக்கும். ரப்பர் மேட் வாங்கினால் இரண்டு வாரம் நிழலில் விரித்துப் போடுங்கள், வாடை போய்விடும். வெயிலில் போட்டால் இயற்கை ரப்பர் வெடித்து உதிரும்.

7. சீருடை மஞ்சள் மேல்சட்டை, வெள்ளைப் பேன்ட். வெள்ளையோடு தரையில் உட்கார்ந்து சாம்பார் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறும். பயப்படாதீர்கள், கறை பெரிதாகிவிடவில்லை. அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது, ஓரிரு நாளில் வெளுத்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த வெயிலே அங்கே அபூர்வம். கொடிக்கயிறு, பத்து கிளிப், உள்ளாடை மட்டும் இரட்டிப்பு எண்ணிக்கையில் எடுத்துப் போங்கள்.

8. ஜலநேத்தி, அதாவது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, கற்றுக்கொடுப்பார்கள். வீட்டில் செய்யும்போது அரை லிட்டர் நீருக்கு முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு. குறைந்தாலும் கூடினாலும் மூக்கு எரியும். நீரை நன்றாகக் கொதிக்கவிட்டு வெதுவெதுப்பாக ஆறவைத்தே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் வெந்நீரைக் கலப்பது கூடாது. 2024, 2025-ல் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோய் பலரைப் பாதித்தது நினைவிருக்கும். அது உடம்புக்குள் நுழைகிற முக்கிய வழி மூக்குதான். முடித்ததும் குனிந்து, இரண்டு துளைகளிலும் மிச்ச நீர் போகும்வரை மெதுவாக ஊதி வெளியேற்றுங்கள்.

9. பாடங்களில் உடற்கூறு பயமுறுத்தும். முதுகெலும்பை இப்படி மனசில் வையுங்கள்: காலை 7 மணிக்கு இட்லி, 12 மணிக்குச் சாப்பாடு, 5 மணிக்குக் காபி (இல்லாத காபியை நினைக்கவாவது செய்யலாமே). கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5. சமஸ்கிருதப் பெயர்களை உடைத்துப் பார்த்தாலே பாதி மனப்பாடம்: புஜங்கம் பாம்பு, சலபம் வெட்டுக்கிளி, தனுர் வில், மத்ஸ்யம் மீன். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தைப் புரட்டியவருக்கு அட்டாங்க யோகம் புதிதாகவே தோன்றாது.

10. எல்லாரும் மறந்துபோவது வாய். சில நாட்களிலேயே உங்களை எழுப்பிவிட்டுச் சக மாணவருக்கு வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். அற்புதமாக ஆசனம் போடுகிற பெண்கள் அங்கே வார்த்தை வராமல் நின்றதைப் பார்த்தேன். வீட்டிலேயே ஓர் ஆளைப் பிடித்துப் பழகுங்கள். எனக்கு மாமியார் கிடைத்தார். நான் செய்து காட்டாமல் வாயால் மட்டும் சொல்ல, அவர் கையைத் தூக்கினார். "எந்தக் கைன்னு சொல்லவே இல்லையேம்மா" என்றார். அதுதான் பாடம்! எதிரே நின்று காட்டும்போது "வலது கை" என்று சொல்லிக்கொண்டு நீங்கள் இடது கையை உயர்த்த வேண்டும்; இது கைவர ஒரு மாதம் பிடிக்கும். "மூச்சை இழுங்க" என்ற சொல் அசைவுக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் இல்லை. போனில் பதிவு செய்து கேளுங்கள், எத்தனை "வந்து, அப்புறம்" என்று எண்ணினால் சிரிப்பு வரும்.

11. எந்த மொழியில் வகுப்பு என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். கேஸ், கரண்ட் பில், பால் கணக்கை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். போன் பேச ஒரே நேரம் சொல்லிவையுங்கள், மதியம் ஒன்றரை வசதி.

12. ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ரயிலை விட்டு இறங்கினால் எதிரிலேயே தம்பானூர் பஸ் நிலையம், அங்கிருந்து காட்டாக்கடை வழியாக நெய்யாறு அணைக்குப் போகலாம். பெட்டியில் இரண்டு தடித்த நோட்டுகள் இருக்கட்டும், வகுப்பில் கேட்டதைச் சுருக்கி எழுதித் தர வேண்டியிருக்கும். அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். வார ஓய்வு நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், அன்றைக்குத் துவைக்கிற கல் பக்கம் வரிசையில் நீங்களும், எழுதாத ஆறு நாள் பாடமும், சொட்டச் சொட்ட ஒரு வாளித் துணியும்தான் மிச்சம்.