ஆளில்லாத அறையில் மின்விசிறி

கிணற்றுத் தண்ணீர் சித்திரை வெயிலில் சில்லென்று இருக்கும். அதே தண்ணீர் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாக இருக்கும். இது ஏன்? பூமியின் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. இந்த உண்மையைக் கொண்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம்.

கான்பூரில் ஒரு கட்டடம்

கான்பூர் உத்தரப் பிரதேசத்தில் உள்ள பெரிய நகரம். கோடையில் அங்கே அனல் காற்று வீசும். குளிர்காலத்தில் கை கால் விறைக்கும். அங்கு 1959-ஆம் ஆண்டு முதல் ஐ.ஐ.டி. என்னும் உயர்கல்வி நிலையம் இயங்கி வருகிறது. அதில் சுற்றுச்சூழல் படிப்புக்காக ஒரு கட்டடம் கட்டினார்கள்.

அந்தக் கட்டடத்தில் பூமிக்கு அடியில் காற்றுக் குழாய்கள் பதித்தார்கள். வெளிக்காற்று அந்தக் குழாய்கள் வழியாக வருகிறது. கோடையில் அது குளிர்ந்து வரும். குளிர்காலத்தில் சூடேறி வரும். சுவர்களை இரட்டைச் சுவர்களாகக் கட்டினார்கள். நடுவில் இடைவெளி விட்டார்கள். டீ வாங்கும் பிளாஸ்க்கும் இப்படித்தான் இரண்டு சுவர் கொண்டது. கூரைக்கு நிழல் கொடுத்தார்கள். பகல் வெளிச்சம் உள்ளே வர வழி செய்தார்கள்.

மின்சாரத்தையும் தண்ணீரையும் சிக்கனமாகப் பயன்படுத்தும் கட்டடங்களுக்கு நம் நாட்டில் ‘கிருஹா’ என்ற தரச்சான்று தருகிறார்கள். அதில் 5 நட்சத்திரம் பெற்ற முதல் கட்டடம் இதுதான்.

கட்டடம் மட்டும் போதுமா?

போதாது. எவ்வளவு நல்ல கட்டடம் ஆனாலும், ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் மின்சாரம் வீண்தான். பழைய கட்டடங்களில் கேட்கவே வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வகுப்பறையில் 10 மின்விசிறிகள் உள்ளன. ஒன்றுக்கு 75 வாட். மொத்தம் 750 வாட். 10 டியூப் லைட்டுகள் உள்ளன. ஒன்றுக்கு 40 வாட். மொத்தம் 400 வாட். இரண்டும் சேர்ந்து 1,150 வாட்.

ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். வகுப்பு முடிந்த பிறகு 2 மணி நேரம் இவை வீணாக ஓடினால் 2.3 யூனிட் போய்விடும். இப்படி 100 அறைகள் என்றால் ஒரு நாளைக்கு 230 யூனிட். ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்றால் 46,000 யூனிட்.

ஒரு யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3,68,000 ரூபாய் வீண். அந்தப் பணத்தில் நூலகத்துக்கு எத்தனை புத்தகங்கள் வாங்கலாம்! ஏழை மாணவர்கள் எத்தனை பேருக்குக் கட்டணம் கட்டலாம்!

நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி வேண்டும். 46,000 யூனிட்டுக்கு 32 டன் நிலக்கரி எரிய வேண்டும். அந்தப் புகையும் சாம்பலும் மின்நிலையத்தின் பக்கத்தில் வாழும் மக்கள் மேல்தான் படியும்.

மீட்டர் சொல்லும் செய்தி

பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் மட்டும் வேலை செய்வதில்லை. அறைகளைத் திறப்பவர் காவலாளி. கூட்டிப் பெருக்குபவர் துப்புரவுத் தொழிலாளி. அறையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பது இவர்களுக்குத்தான் தெரியும்.

எண்களைப் படிக்கத் தெரிந்த காவலாளி ஒரு சோதனை செய்யலாம். மாலை 7 மணிக்கு மீட்டரைப் பார்க்கிறார். 45,210 என்று காட்டுகிறது. குறித்துக்கொள்கிறார். காலை 6 மணிக்கு 45,300 என்று காட்டுகிறது. யாரும் இல்லாத கட்டடத்தில் 90 யூனிட் எங்கே போனது? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பெரிய கட்டடங்களில் மீட்டர் காட்டும் எண்ணை இன்னொரு எண்ணால் பெருக்க வேண்டி இருக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. கடைசியாக வெளியே வருபவர் சுவிட்சுகளை அணைக்க வேண்டும்.

2. ஒவ்வொரு சுவிட்சின் பக்கத்திலும் அது எதற்கு உரியது என்று எழுத வேண்டும். ஜன்னல் ஓர விளக்குகளைப் பகலில் அணைக்கலாம்.

3. ஏ.சி.யை 24 டிகிரியில் வைத்தால் போதும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம். ஏ.சி. ஓடும்போது கதவு ஜன்னல்களைச் சாத்த வேண்டும்.

4. பழைய மின்விசிறி கெட்டுப்போனால் சிக்கன மின்விசிறி வாங்கச் சொல்லலாம். அதற்கு 30 வாட் அளவே போதும்.

5. ஆய்வுக்கூடத்தில் சில கருவிகளை அணைக்கக் கூடாது. மருந்தும் மாதிரிகளும் கெட்டுவிடும். அந்தச் சுவிட்சுகளுக்குச் சிவப்புக் குறி போடச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது.

கட்டடம் கட்டப் பல கோடி வேண்டும். சுவிட்சை அணைக்க ஒரு விரல் போதும்.

பயிற்சி

1. கிணற்றுத் தண்ணீர் கோடையில் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது?

2. 75 வாட் மின்விசிறி 20 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட்?

3. உங்கள் வீட்டு மீட்டரை இன்று இரவும் நாளைக் காலையும் பார்த்து எழுதுங்கள். எத்தனை யூனிட் ஓடியது?