கணக்குத்தாளில் இடைநுழையும் வரிசை

விடுதிச் செலவுக் கணக்கை எழுதும் மாணவரொருவர், எக்செல் தாளின் பி பத்தியில் 2 முதல் 10 வரையுள்ள கட்டங்களில் தொகைகளை இட்டு, 11ஆம் கட்டத்தில் அவற்றைக் கூட்டுஞ் சூத்திரத்தை அமைத்தாரெனக் கொள்வோம். விடுபட்ட செலவொன்றைச் சேர்க்கும்பொருட்டு 5ஆம் வரிசைக்கு மேல் புதுவரிசையொன்றை நுழைப்பின், சூத்திரம் தானே விரிந்து 2 முதல் 11 வரை கூட்டும். கட்டம் நகருங்கால் அதனைச் சுட்டும் முகவரியும் உடன் மாறுதலே இதற்குக் காரணம். டாலர்க் குறியிட்ட முகவரியும் இவ்வாறே மாறும். அக்குறி சூத்திரத்தை நகலெடுக்குங்கால் மாத்திரமே முகவரியை நிலைநிறுத்தும்.

ஆயின், 2ஆம் வரிசைக்கு மேல் நுழைந்த வரிசை எல்லைக்குப் புறம்பாம். சூத்திரம் 3 முதல் 11 வரையே கூட்டும். கட்டத்தின் மூலையிற் சிறு பச்சை முக்கோணம் எச்சரிக்கலாம். கவனியாதார்க்குத் தொகை குறைந்தே நிற்கும். கூட்டுத்தொகைக்குச் சற்று மேலே நுழைப்பினும் எல்லை விரியுமென நம்பியிருத்தல் தகாது.

இதற்குப் பரிகாரம் எளிது. எழுத்தாலான தலைப்புக் கட்டத்தையும், கூட்டுத்தொகைக்கு மேல் ஒரு வெற்றுக் கட்டத்தையும் எல்லைக்குள் அடக்குக. எழுத்தும் வெறுமையும் கூட்டலிற் சேரா; அவ்விரண்டிற்கும் இடையே எங்கு நுழையும் வரிசையும் தவறாது கணக்கில் ஏறும். மாணவ நண்பர்கள் இதனைத் தாமே செய்து தெளிவார்களாக.