சர்க்கரை நோயா? சிறுநீரகத்தையும் பார்த்துவிடுங்கள்

"முப்பது யூனிட் போட்டுக்கிட்டு இருந்தேன், இப்போ பத்தே போதும். சுகர் நல்லா இறங்கிடுச்சு." கொட்டிவாக்கம் கடற்கரையில் காலை நடைப்பயிற்சியின்போது யாராவது இப்படிச் சொன்னால், கூட நடப்பவர் சந்தோஷம்தான் படுவார். உணவையும் எடையையும் குறைத்து அப்படி ஆகியிருந்தால் நல்லதுதான். எதையுமே மாற்றாமல் சர்க்கரை தானாக இறங்கினால் உடனே மருத்துவரைப் பாருங்கள். ஊசியில் போகும் இன்சுலினை உடலிலிருந்து நீக்குவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது பழுதானால் இன்சுலின் உடலில் அதிக நேரம் தங்கிவிடும். சர்க்கரை இறங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இந்தக் கட்டத்துக்கு முன்பே கண்டுபிடிக்க முடியாதா? முடியும். ஆனால் வலி வரும் என்று காத்திருந்தால் முடியாது. கால் வீக்கமும் சிறுநீரில் நுரையும் பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். "வருஷா வருஷம் கிரியாட்டினின் பார்க்கிறேனே, நார்மல்தானே" என்பவர்களும் உண்டு. சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதி குறையும் வரைகூட அந்த எண் இயல்பு அளவுக்குள்ளேயே நிற்கலாம்.

ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம். லேப் சீட்டில் 'ஏசிஆர்' என்று இருக்கும். 30-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30 முதல் 300 வரை எச்சரிக்கை, அதற்கு மேல் கடுமையான கசிவு. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் இது கூடும் என்பதால், மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மற்றொன்று 'இஜிஎஃப்ஆர்'. கிரியாட்டினின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுவது. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். டைப் 2 சர்க்கரை நோயாளிகள் நோய் தெரிந்த அன்றே இந்தச் சோதனைகளைத் தொடங்க வேண்டும்.

இதெல்லாம் பெரிய மருத்துவமனையில்தான் நடக்குமோ என்ற தயக்கம் வேண்டாம். சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே. மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990களில் சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 பேரிடையே ஒரு திட்டம் நடத்தியது. உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போனார்கள். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் உண்டா என்று பார்த்தார்கள், ரத்த அழுத்தம் எடுத்தார்கள். சிக்கல் தெரிந்தவர்களுக்கு மருத்துவர் விலை குறைந்த பழைய மாத்திரைகளையே கொடுத்தார். தலைக்கு ஆண்டுச் செலவு அரை டாலரைக்கூடத் தொடவில்லை. டயாலிசிஸ் என்றால் வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கூட வருபவரின் வேலையும் போகும்.

2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த கொட்டிவாக்கத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். 2023-ல் வந்த 'சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்' வழியாக அங்கே சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள். ஒன்று கவனியுங்கள்: சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனை, கசிவு அதிகமானால்தான் காட்டும். சர்க்கரை நோயாளிக்கு அதில் 'இல்லை' என்று வந்தாலும் ஏசிஆர் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வரும்.

இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனாலோ, வேகமாகச் சரிந்தாலோ, ஏசிஆர் 300-ஐத் தாண்டி நின்றாலோ சிறுநீரக நிபுணரைப் பார்த்தே ஆகவேண்டும். சென்ட்ரல் அருகே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும், 2023-ல் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையிலும் சிறுநீரகவியல் துறை இருக்கிறது. போகும்போது பழைய ரிப்போர்ட்களைத் தேதி வரிசையில் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். ஒரே ஒரு இஜிஎஃப்ஆர் எண்ணை வைத்து மருத்துவரால் அதிகம் சொல்ல முடியாது. மூன்று வருஷ எண்கள் இருந்தால் சரிவின் வேகமே தெரிந்துவிடும். மாத்திரை அட்டைகளையும் படமெடுங்கள். மெட்ஃபார்மின் அளவை அவர் குறைக்கலாம், புரதக் கசிவைக் குறைக்கும் ரத்த அழுத்த மாத்திரையோ டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்தோ சேர்க்கலாம். மூட்டுவலிக்கு நீங்களே கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக்கை மறைக்காதீர்கள். பல வீடுகளில் சிறுநீரகத்தைக் கெடுப்பது அந்த மாத்திரைதான்.

வீட்டில், கருவாடும் ஊறுகாயும் உப்பைக் கூட்டிவிடும். அதற்குப் பதிலாக 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியம் கூடியிருப்பவர்களுக்கு ஈ.சி.ஆர். ஓரத்து இளநீரும் ஆகாது.

டயாலிசிஸ் தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, வருமானச் சான்று வேண்டும். சந்தேகங்களுக்கு 1800 425 3993. கடைசிக் கட்டம் வரை தள்ளிப்போடாமல் முன்பே பதிந்துகொள்ளுங்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா வைத்தால் அது பக்குவப்பட ஒன்றிரண்டு மாதமாவது ஆகும். அதனால் இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனதுமே, அதிகம் பயன்படுத்தாத கையில் ரத்தம் எடுக்கவோ டிரிப் ஏற்றவோ வந்தால் "இந்தக் கை வேண்டாம் சிஸ்டர், புறங்கையில் எடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.