படத்தைப் பார்த்து குரோஷா பின்னுவோம்



குரோஷா பயிற்சி முடித்த உறுப்பினர்கள் பலர் கேட்பது இதுதான்: "ஊசி பிடிக்கத் தெரியுது, செயின் போடத் தெரியுது. ஆனா ஆர்டர் கொடுக்கிறவங்க புள்ளியும் கோடுமா ஒரு படம் தர்றாங்க. யாராவது படிச்சுச் சொன்னாத்தான் பின்ன முடியுது. என்ன செய்யறது?"

நியாயமான கேள்வி. படிச்சுச் சொல்றவர் கையில்தான் ஆர்டரும் இருக்கும், கூலியும் அவர் சொல்றதுதான். ஆந்திராவில் நரசாபுரம் பகுதி குரோஷா லேஸ் பெயர் பெற்றது. அங்கே ஒரு பெண் பூ பின்னுவார், வேறொருவர் அதை இணைப்பார். வீட்டிலிருந்தே உழைத்த அந்தப் பெண்களுக்குக் குறைந்த கூலியும், வியாபாரிகளுக்கு லாபமும் போனதை மரியா மீஸ் என்பவர் 1982இல் வெளிவந்த தன் ஆய்வு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். படம் படிக்கத் தெரிந்தால் மட்டும் கூலி கூடிவிடாது. ஆனால் முழு வேலையையும் நாமே எடுத்துச் செய்ய அது முதல் படி.

இங்கிலீஷ் தெரியலையேன்னு தயங்க வேண்டாம். சொல்லப்போனால் எழுத்துக் குறிப்பைவிடப் படமே நம்பிக்கையானது. அமெரிக்கப் புத்தகத்தில் சிங்கிள் குரோஷா என்பதை பிரிட்டிஷ் புத்தகத்தில் டபுள் குரோஷா என்பார்கள். அமெரிக்காவின் டபுள், பிரிட்டனில் டிரெபிள்! எந்த நாட்டுக் குறிப்புன்னு பார்க்காமல் பின்னினால் விரிப்பின் அளவே மாறி, சரக்கு திரும்பி வந்துவிடும். படத்தில் பெயரே இல்லை, அதனால் அந்தக் குழப்பமும் இல்லை.

தொடக்கத்துக்கு ஆறு குறிகள் போதும் (பெயர்கள் அமெரிக்க முறையில்). அரிசி மணி போல நீள்வட்டமாக இருந்தால் செயின். கறுப்பாக அடைத்த புள்ளி ஸ்லிப் ஸ்டிட்ச். பெருக்கல் குறியோ கூட்டல் குறியோ இருந்தால் சிங்கிள் குரோஷா. ஆங்கில டீ எழுத்து மட்டும் நின்றால் ஹாஃப் டபுள். அந்த டீயின் தண்டில் ஒரு சாய்கோடு இருந்தால் டபுள், இரண்டு இருந்தால் டிரெபிள். ஊசியைக் குத்தும் முன் எத்தனை தரம் நூலைச் சுற்றணுமோ அத்தனை சாய்கோடு, அவ்வளவுதாங்க. ஹாஃப் டபுள் மட்டும் விதிவிலக்கு; அதில் கோடு இல்லாவிட்டாலும் ஒரு தரம் சுற்றணும்.

அடுத்து, எங்கே ஆரம்பிப்பது? நேர் பின்னல் என்றால் கீழிருந்து மேலே போகணும். ஓரத்தில் வரிசை எண் எந்தப் பக்கம் இருக்கிறதோ அங்கிருந்துதான் அந்த வரிசை தொடங்கும். ஒரு வரிசை வலமிருந்து இடம், திருப்பியதும் இடமிருந்து வலம். வட்டப் பின்னலில் நடுவில் ஆரம்பித்துக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி வரணும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் திசையை மாற்றிக்கொள்ளலாம்.

இனி சொல்வதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். எண்ணிக்கை தவறுவது பெரும்பாலும் இங்கேதான். குறியின் தலையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். அந்தக் கால் கீழ் வரிசையில் எதன் மேல் நிற்கிறதோ அதில்தான் ஊசி நுழையணும். இரண்டு டீ மேலே விரிந்து, கீழே கால் ஒன்றாகச் சேர்ந்து கவட்டை மாதிரி இருந்தால், இரண்டையும் ஒரே பின்னலில் போடணும், எண்ணிக்கை கூடும். தலைகீழ்க் கவட்டையாக, தலைகள் சேர்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக முடிக்கணும், எண்ணிக்கை குறையும். புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குன்னு பார்க்கிற அதே கண்தான்!

சின்ன வட்ட டம்ளர் விரிப்பு ஒன்றைப் பார்ப்போம். நடுவில் 6 நீள்வட்டம், ஒரு கறுப்புப் புள்ளி: 6 செயின் போட்டு வளையமாக இணைக்கணும். முதல் சுற்றில் செங்குத்தாக 3 நீள்வட்டம், அதை அடுத்து ஒரு கோடு போட்ட டீ 11. அந்த 3 செயினும் சேர்ந்து ஒரு டபுளாகக் கணக்கு, ஆக 12. மூன்றாவது செயினில் ஸ்லிப் போட்டுச் சுற்றை முடிக்கணும். இரண்டாவது சுற்று முழுக்கக் கவட்டைதான், 12 கவட்டைக்கு 24 டபுள். (இங்கும் முதல் கவட்டையின் ஒரு கால் அந்த 3 செயின்தான்.) மூன்றாவது சுற்றில் ஒரு கவட்டை, ஒரு ஒற்றை டீ என்று மாறி மாறி வரும், மொத்தம் 36. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எண்ணிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகணும். கவட்டையைக் கவனிக்காமல் விட்டால் விரிப்பு கிண்ணம் மாதிரி குழிந்துவிடும், அதிகமாகப் போட்டால் ஓரம் சுருங்கி அலையடிக்கும்.

படத்தில் குறி நீளமாக இருக்கேன்னு நூலை இழுத்துப் பின்ன வேண்டாம். வரைகிறவர் இடத்துக்குத் தக்கபடி நீட்டியும் குறுக்கியும் வரைந்திருப்பார்.

நான்காவது சுற்றுக்கு 48 வரணும். எத்தனை ஒற்றை டீக்கு ஒரு கவட்டை வரும்னு நோட்டில் நீங்களே வரைந்து பாருங்கள். வரைந்ததை அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க, பக்கத்தில் இருக்கும் அக்கா உங்கள் படத்தை மட்டும் பார்த்துப் பின்னட்டும்.