வருகவென அழைக்கும் வாயில்

நுழையும்முன்

ஒரு நூலகத்தின் பெருமையை அங்குள்ள நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது நம் வழக்கம். அந்நூல்களை எடுத்துப் படிக்க எத்தனை பேரால் முடிகிறது என்னும் வினாவை அரிதாகவே எழுப்புகிறோம். படிக்கட்டும் சாளரமும் நாற்காலியும்கூடக் கல்வியை வழங்கவும் தடுக்கவும் வல்லவை. இவ்வுண்மையை நூலகக் கட்டடங்களின் வழியே விளக்குகிறது இப்பாடம்.

பொதுக்கட்டடம் எந்த ஒருவருக்கும் தனியுரிமை ஆகாதது. ஆதலால் எல்லார்க்கும் உரியது. அங்கே நுழைவதற்கு உறவோ அழைப்போ வேண்டுவதில்லை. தனியறையும் மேசையும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஊர்நூலகத்தின் ஒரு நாற்காலியே படிப்பறை ஆகிறது. போட்டித்தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞருக்கு அதன் அமைதி துணைநிற்கிறது. நாளிதழ் படிக்க வரும் முதியவர் அங்கே நண்பரையும் காண்கிறார். இத்தனை பயன்களும் கிட்டுவதும் கிட்டாமற்போவதும் பெரும்பாலும் கட்டடத்தின் அமைப்பைப் பொறுத்தவை.

நூல்கள் பயன்பாட்டிற்கே

இதனைத் தெளிவாக உணர்ந்தவர் இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் வெளிவந்த அவரது நூல், நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்துரைத்தது. நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது அவற்றுள் முதல் விதி.

கேட்பதற்கு எளிய இவ்விதி, நெடிய வரலாற்றுக்கு மறுமொழியாக எழுந்தது. இடைக்கால ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் மேசையோடு பிணைத்திருந்தனர். காப்பதே அக்காலத்தின் முதற்கவலை. காப்பது எதற்காக என்று வினவினார் அரங்கநாதன். அவ்வினாவிலிருந்தே நூலகம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், அறைகலன்கள், பணியாளர் ஆகியவை குறித்த கருத்துகளை வளர்த்தெடுத்தார். நூலகம் மக்கள் எளிதில் அடையும் இடத்தில் அமைய வேண்டும். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் திறந்திருக்க வேண்டும். நூலடுக்குகள் தரையில் நிற்பவரின் கைக்கு எட்ட வேண்டும். ஏணி கொண்டு எடுக்க வேண்டிய நூலும் ஒருவகையில் சங்கிலியிட்ட நூலே அன்றோ!

ஒளி, காற்று, ஒலி

படிப்பவரின் உடலும் உள்ளமும் சோர்வடையாமல் காப்பது நல்ல கட்டடத்தின் கடமை. மேற்கு நோக்கிய பெரிய சாளரம் பிற்பகல் வெயிலை நேரே உள்ளே விடும், கண் கூசும், தாள்கள் பழுப்பேறும். வடக்குச் சாளரம் ஆண்டின் பெரும்பகுதியில் சீரான ஒளியைத் தரும். எதிரெதிரே சாளரங்கள் அமைந்தால் காற்று அறையின் ஊடே செல்லும். வெறுஞ்சுவர்கள் ஒலியை எதிரொலிக்கும்; ஆகவே, வாய்விட்டுப் படிக்கும் சிறுவர்க்கும் ஆழ்ந்து கற்கும் ஆய்வாளர்க்கும் தனித்தனி இடம் வேண்டும். அவ்வாறு அமைந்தால், 'பேசாதே' என்று குழந்தையை அதட்ட வேண்டிய தேவை எழாது.

இரு காலம், இரு கட்டடம்

சென்னை எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகத்தின் பழைய கட்டடம் வில்வளைவுகளும் வண்ணக்கண்ணாடிகளும் தேக்குமர அடுக்குகளும் கொண்டது. உள்ளே நுழைவோரிடம் அறிவின்பால் மதிப்பைத் தோற்றுவிக்கும் கம்பீரம் அதற்குண்டு.

கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் வேறொரு காலத்தின் எண்ணத்தைச் சொல்கிறது. முகப்பின் உயர்ந்த கண்ணாடிச் சுவர் பகலொளியை உள்ளே கொணர்கிறது. பார்வையற்றோர்க்கான பிரெயில் பிரிவு தரைத்தளத்திலேயே உள்ளது. சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்போர்க்குத் தனிப்பகுதி உண்டு. சிறுவர் பிரிவின் நடுவே செயற்கை மரமொன்று கிளைபரப்பி நிற்கிறது. ஒவ்வொருவர் வருகையையும் முன்னரே எண்ணிப்பார்த்து இடம் ஒதுக்கியமை இவற்றால் புலப்படும். 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் இவ்வெண்ணம் தொடர்கிறது.

படியின் உயரம்

பெருநகரக் கட்டடங்களோடு இச்சிந்தனை நின்றுவிடலாகாது. வாயிலில் மூன்று படிகள் மட்டுமே உள்ள சிற்றூர் நூலகத்தைக் கருதுவோம். நடப்பவர்க்கு அவை மூன்று படிகள். சக்கர நாற்காலியில் வருபவர்க்கோ அவை மூடிய கதவு. சாய்தளம் அமைத்தாலும் அளவறிந்து அமைக்க வேண்டும். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவான அளவு. வாயில் 1.5 அடி உயரத்தில் இருந்தால் சாய்தளத்தின் நீளம் 18 அடி. இடமில்லை என்று ஆறடியில் முடித்துவிட்டால், அது கணக்கில் இருக்கும், பயனில் இராது. பொதுக்கட்டடங்கள் தடையின்றி அணுகத்தக்கவையாக இருத்தல் வேண்டும் என்பதை, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சட்டக் கடமையாகவே ஆக்கியுள்ளது. தூய கழிவறை இல்லாத நூலகத்தில் மாணவியர் நெடுநேரம் அமர்ந்து படிக்க இயலாது. இவற்றை வசதிகள் என்று கூறுவதினும் உரிமைகள் என்று கூறுவதே பொருந்தும்.

நமது கட்டடம்

விடுதலைக்குப்பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம், 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமே. அதன்வழிச் சொத்துவரியுடன் நூலக வரியும் பெறப்படுகிறது. ஊர்நூலகத்தின் ஒவ்வொரு செங்கல்லிலும் ஊராரின் பங்கு உண்டு என்பது இதனால் விளங்கும். பங்குடையோர் என்னும் முறையில் அதைப் பேணுவதும், குறை கண்டவிடத்துக் கேட்பதும் நம் பொறுப்பாகும்.

ஒரு பொதுக்கட்டடத்தை மதிப்பிட அதன் முகப்பின் அழகு மட்டும் போதாது. யாரெல்லாம் உள்ளே அமர்ந்திருக்கிறார்கள் என்று காண வேண்டும். வாயில்வரை வந்து திரும்பிச் சென்றவர் யார் என்றும் கேட்க வேண்டும். அவ்வாறு திரும்புவோர் ஒருவரும் இல்லாத நாளில்தான் அக்கட்டடம் முழுமை பெறும்.

தெரிந்து தெளிவோம்

1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்தோறும் கொண்டுசென்று மக்களுக்கு வழங்கினர். நூலகத்திற்கு வர இயலாதவரை நூலகமே தேடிச் சென்ற முன்னோடி முயற்சி இது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்நூலகத்தின் வாயில், ஒளி, இருக்கை, நூலடுக்கின் உயரம், கழிவறை ஆகியவற்றை உற்றுநோக்குக. யாருக்கு அங்கே நுழைவது கடினம் என்பதைக் கண்டறிந்து, அதை மாற்றுவதற்கான வழிகளைக் குறிப்பிட்டு நூலகருக்குக் கடிதம் எழுதுக.